கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட் வீணாகாம யூனிவர்சிட்டிக்கு மாத்துறது எப்படி? (கடலூர்லேர்ந்து கலிபோர்னியா)

கெடிலக்கரை (கடலூர்):

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம் முடிச்சிருக்கேன். ரெண்டு செமஸ்டர், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம், மேத்ஸ்ல ஒரு அரியர் இருக்கு. 2026 ஆகஸ்ட்ல கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்பு தர்ற அரசுக் கல்லூரி) சேரப் போறேன். ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் காலேஜ் தர்ற படிவம்) கைக்கு வந்துடுச்சு. ரெண்டு வருஷம் அங்க படிச்சுட்டு யு.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஏதாவது ஒண்ணுக்கு மாறணும்னு திட்டம்.

60 கிரெடிட் முடிச்சா நேரா மூணாம் வருஷம்னு ஏஜென்ட் சொல்றார். அது அப்படியே நடக்குமா? இங்க படிச்ச ஒரு வருஷத்தைக் கணக்குல எடுத்துப்பாங்களா, இல்ல அரியர் இருக்கிறதால சொல்லாமலே விட்டுடலாமா? டெக்சாஸ்ல இருக்கிற சித்தப்பா, பாதியில ஹூஸ்டன் பக்கம் மாத்திக்கோன்னு சொல்றார், அது சுலபமா? காலேஜ் மாறும்போது விசா திரும்ப எடுக்கணுமா?

காலாப்பட்டு அக்கா:

தம்பி, ஏஜென்ட் சொன்னது பாதிதான் சரி. மாத்தக்கூடிய 60 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்டை அங்க யூனிட்னு சொல்வாங்க) இருந்தா யு.சி. உங்களை ஜூனியரா, அதாவது மூணாம் வருஷ மாணவரா எடுத்துக்கும். ஆனா ஜூனியர்னு பேர் கிடைச்சதாலயே மூணாம் வருஷப் பாடத்துல உட்கார்ந்துட முடியாது. நீங்க படிக்கிற ஒவ்வொரு பாடமும் அங்க போய் மூணு பெட்டியில ஒண்ணுல விழும்: மேஜர் (முதன்மைத் துறை) பாடம், பொதுக்கல்விப் பாடம், வெறும் எலெக்டிவ். எலெக்டிவ்ல விழுந்தா 60-ங்கிற எண்ணிக்கை நிரம்பும், ஆனா பட்டம் கிட்ட வராது. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இது ரொம்ப வலிக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முடிக்காம அல்காரிதம்ஸ் எடுக்க முடியாது, அல்காரிதம்ஸ் இல்லாம மேல இருக்கிற பாதி பாடம் திறக்காது. கீழ ரெண்டு பாடம் விட்டுப்போனா மேல ஒரு வருஷம் நகர்ந்துடும். அந்தக் கூடுதல் வருஷத்துக்கு வெளிநாட்டு மாணவருக்கான யு.சி. கட்டணம் கட்டணும். கம்யூனிட்டி காலேஜ்ல மிச்சம் பிடிச்ச காசு அங்கயே கரைஞ்சிடும்.

அதனால விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தைத் திறங்க. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பாடம் எது, யு.சி., சி.எஸ்.யு. (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) பாடம் எதுக்கு ஈடுன்னு அதிகாரபூர்வமா சொல்ற இடம் அது. கல்வியாண்டு, உங்க காலேஜ், போக வேண்டிய வளாகம், மேஜர் நாலையும் தேர்ந்தெடுத்தா ஒரு ஒப்பந்தப் பக்கம் வரும். இடது பக்கம் யூனிவர்சிட்டி கேட்கிற பாடம், வலது பக்கம் உங்க காலேஜ்ல அதுக்கு ஈடான பாடம். வலது பக்கத்துல ரெண்டு பாடத்துக்கு நடுவுல "அண்ட்"னு இருந்தா ரெண்டையும் முடிச்சாத்தான் அந்த ஒரு பாடம் கழியும். "ஆர்"னு இருந்தா ஒண்ணு போதும். "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்"னு இருந்தா உங்க காலேஜ்ல ஈடான பாடமே இல்லைன்னு அர்த்தம். அப்போ பக்கத்துக் காலேஜ்ல அது இருக்கான்னு தேடணும், இல்லாட்டி யு.சி. போய்ப் படிக்கணும்.

அந்தப் பக்கத்துல எல்லாரும் கோட்டை விடுற இடம் அந்த "அண்ட்" தான். இயற்பியல் மூணு பாகத் தொடரா இருக்கும். மெக்கானிக்ஸை ஒரு காலேஜ்லயும் மின்சாரம் காந்தவியலை இன்னொரு காலேஜ்லயும் எடுத்தா, பாடப் பகுப்பு காலேஜுக்குக் காலேஜ் வேறங்கிறதால ஒப்பந்தப்படி ரெண்டுமே முழுசாக் கழியாம நிக்கலாம். தொடரை ஆரம்பிச்ச காலேஜ்லயே முடிங்க. ப்ரோகிராமிங் மொழியையும் பாருங்க. ஒரு வளாகம் சி++ கேட்கும், இன்னொண்ணு ஜாவாவோ பைத்தானோ கேட்கும். மூணு நாலு வளாகத்தோட ஒப்பந்தத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, எல்லாத்துக்கும் பொதுவா வர்ற பாடங்களை முதல்ல எடுங்க. பாடம் எந்தக் கல்வியாண்டுல படிச்சீங்களோ அந்த ஆண்டு ஒப்பந்தம்தான் செல்லும். ஒவ்வொரு வருஷமும் பி.டி.எஃப். இறக்கி வச்சுக்கங்க.

உங்க காலேஜ் செமஸ்டர் முறையா, க்வார்ட்டர் (இன்னும் சின்னப் பருவங்கள்) முறையான்னும் பாருங்க. க்வார்ட்டர்னா 60-க்குப் பதிலா 90 யூனிட் வேணும். ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை க்வார்ட்டர் யூனிட்டுக்குச் சமம்.

கெடிலக்கரை:

அக்கா, ரொம்ப நன்றி. என் காலேஜ் செமஸ்டர் முறைதான். ஓரியன்டேஷன் மெயில்ல முதல் செமஸ்டருக்கு 12 யூனிட் போதும், ப்ரீகால்குலஸ், ஒரு ஈ.எஸ்.எல். (தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவங்களுக்கான) ஆங்கிலம், ரெண்டு பொதுப் பாடம்னு போட்டிருக்காங்க. அப்படியே எடுத்துடலாமா?

காலாப்பட்டு அக்கா:

அப்படியே எடுக்காதீங்க. அது எல்லாருக்கும் அனுப்புற பொதுப் பட்டியல்.

கணக்கு ஒரு சங்கிலி. கால்குலஸ் 1, கால்குலஸ் 2, அப்புறம் மல்டிவேரியபிள், அதுக்கப்புறம் லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் ரெண்டும் சேர்ந்து நாலாவது கண்ணி. செமஸ்டருக்கு ஒரு கண்ணி வீதம் 2026 ஃபால் (ஆகஸ்ட்ல தொடங்குற செமஸ்டர்), 2027 ஸ்பிரிங் (வருஷத் தொடக்கத்து செமஸ்டர்), 2027 ஃபால், 2028 ஸ்பிரிங்னு நாலு செமஸ்டரும் சரியா நிரம்பிடும். முதல் செமஸ்டர்ல ப்ரீகால்குலஸ் போட்டா கடைசிக் கண்ணி வெளியே தொங்கும். இயற்பியல் மெக்கானிக்ஸும் கால்குலஸ் 1-ஐக் கேட்கும், அதனால அதுவும் சேர்ந்து தள்ளிப் போகும். பிளஸ் டூ கணிதத்துல டிஃபரென்ஷியேஷன், இன்டக்ரேஷன் படிச்சிருக்கீங்க. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழோட கணக்குத் துறைக்கோ கவுன்சிலருக்கோ எழுதி, முன்தேவையை நீக்கி நேரா கால்குலஸ் 1-ல போடச் சொல்லுங்க. பதிவு தேதிக்கு முன்னாடியே கேட்கணும், அப்புறம் வகுப்புல இடம் இருக்காது.

ஈ.எஸ்.எல். பாடங்கள்ல பல யு.சி.க்கு மாறாது. பிளேஸ்மென்ட்ல விடுவாங்கன்னா நேரா கல்லூரி நிலை ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துல சேருங்க. யு.சி. குறைஞ்சபட்சமா கேட்கிறது ஏழு பாடம்: ஆங்கிலக் கட்டுரை ரெண்டு, கணக்கு ஒண்ணு, மீதி நாலு கலை, சமூக அறிவியல், அறிவியல் பிரிவுகள்ல குறைஞ்சது ரெண்டுலேர்ந்து. ஏழுலயும் சி கிரேடு வேணும். டி வந்தா பாஸ்னு கம்யூனிட்டி காலேஜ் சொல்லும், யு.சி. ஏத்துக்காது.

கிரேடு விஷயத்துல நம்ம ஊர் பழக்கத்தை விட்டுடணும். இங்க அரியர் எழுதிக்கலாம். அங்க டி அல்லது எஃப் வாங்கினாத்தான் பாடத்தைத் திரும்பப் படிக்க விடுவாங்க. சி வாங்கிட்டா மதிப்பெண் கூட்ட மறுபடி எடுக்க கலிபோர்னியா விதி அனுமதிக்காது. மிட்டெர்ம்ல சறுக்கிட்டீங்கன்னா விலகல் கடைசித் தேதிக்குள்ள டபிள்யூ (பாடத்துலேர்ந்து விலகினதுன்னு குறிப்பு) வாங்கிக்கிறது சில சமயம் நல்லது. ஆனா எஃப்-1 (மாணவர் விசா) மாணவர் 12 யூனிட்டுக்குக் கீழ போகக் கூடாது, அதனால 12-ஐ ஒட்டியே பதிவு பண்ணினவங்களுக்கு விலக வழியே இருக்காது. 15 யூனிட் எடுங்கன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கூட்டல்: நாலு செமஸ்டர் பன்னிரண்டுன்னா 48 தான். 12 யூனிட் துண்டு விழும். 2027 கோடைக்காலத்துல கொஞ்சம் ஈடுகட்டலாம். 2028 கோடை உதவாது, ஏன்னா 60 யூனிட்டும் ஸ்பிரிங் முடிவுக்குள்ள இருக்கணும்.

பாஸ், நோ பாஸ்னு (கிரேடு இல்லாம தேறினது, தேறாததுன்னு மட்டும் போடுறது) ஒரு வசதி காட்டுவாங்க. மேஜர் பாடத்துக்கு அதைத் தொடாதீங்க, லெட்டர் கிரேடு எடுங்க. பொதுக்கல்விக்கு 2025 ஃபால்லேர்ந்து சேர்றவங்களுக்குக் கால்-ஜெட்-சின்னு ஒரே பட்டியல். 11 பாடம், 34 யூனிட். ஓரல் கம்யூனிகேஷன், எத்னிக் ஸ்டடீஸ் ரெண்டும் அதுல உண்டு. ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் பக்கம் போறவங்களுக்கு மேஜர் தயாரிப்புதான் முதல்ல. பொதுக்கல்வியை முழுசா முடிச்சுட்டு லீனியர் ஆல்ஜீப்ரா இல்லாம விண்ணப்பிச்சா தோத்துடுவீங்க.

வில்லியனூர்:

அக்கா பாடத்தைச் சொல்லிட்டாங்க, நான் தேதியைச் சொல்றேன்.

2028 ஃபால்ல யு.சி. சேரணும்னா விண்ணப்பம் 2027-லயே. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை சமர்ப்பிக்கலாம். அப்போ உங்க கையில இருக்கிறது மூணாவது செமஸ்டரோட நடுப்பகுதி. முதல் ரெண்டு செமஸ்டர் கிரேடுதான் உங்களுக்காகப் பேசும். "முதல் வருஷம் பழகிக்கிறேன், ரெண்டாம் வருஷம் பார்த்துக்கலாம்"னு நினைக்கிறவங்க இங்கதான் மாட்டுறாங்க.

அதுக்கு முன்னாடி 2027 செப்டம்பர் 1 முதல் 30 வரை டாக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரன்டி) விண்ணப்பம். நிபந்தனையை முடிச்சா இடம் உறுதின்னு எழுதித் தர்ற ஏற்பாடு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆறு வளாகத்துல ஒண்ணுக்கு மட்டும் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி நெருக்கடியான மேஜருக்குச் சில வளாகங்கள் டாக் தர்றதில்லை, வருஷா வருஷம் பட்டியல் மாறும். அந்த வருஷக் கையேட்டைப் படிச்சுட்டுப் போடுங்க. டாக் போட்டாலும் தனியா யு.சி. விண்ணப்பம் போட்டே ஆகணும். அதை மறந்தா டாக் செல்லாது.

ஜனவரி 31-க்குள்ள டி.ஏ.யு. (டிரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட்) படிவத்துல மூணாவது செமஸ்டர் கிரேடும், நாலாவதுல என்ன படிக்கிறீங்கன்னும் புதுப்பிக்கணும். விண்ணப்பத்துல எழுதின ஒரு பாடத்தை நாலாவது செமஸ்டர்ல கைவிட்டா உடனே வளாகத்துக்குத் தெரியப்படுத்துங்க. கொடுத்த இடத்தையே ரத்து பண்ற அளவுக்கு அது பெரிய விஷயம். இடம் கிடைச்சா ஜூன் 1-க்குள்ள உறுதி சொல்லணும், ஜூலை 1-க்குள்ள எல்லாக் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டும் போய்ச் சேரணும்.

வெளிநாட்டு மாணவருக்கு யு.சி.யோட குறைஞ்சபட்ச ஜி.பி.ஏ. (கிரேடு சராசரி, 4-க்கு) 2.8. கலிபோர்னியாவாசிக்கு 2.4. அது கதவைத் தட்ட மட்டும்தான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதைவிட ரொம்ப மேல இருக்கணும்.

டெக்சாஸ் பத்தி: சித்தப்பா பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்படுறது நல்ல விஷயம், ஆனா பாதி வழியில மாநிலம் மாறினா கிரெடிட் நிறைய சிதறும். அசிஸ்ட் கலிபோர்னியா அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான். டெக்சாஸ்ல வேற அமைப்பு. அங்க 42 கிரெடிட் மணிநேரக் கோர் (பொதுப் பாட) பாடத்திட்டத்தை ஒரு அரசுக் கல்லூரியில முடிச்சா, அது மொத்தமா இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும். அந்த உரிமை டெக்சாஸ் கல்லூரியில முடிச்சவங்களுக்குத்தான். மாநிலச் சட்டப்படி பட்டத்துக்கு அமெரிக்க வரலாறு 6 கிரெடிட் மணிநேரம், அரசியலமைப்பு 6 கிரெடிட் மணிநேரம் வேணும். அதுல டெக்சாஸ் அரசியலமைப்பும் சேர்த்தி, கலிபோர்னியாவில் அதை யாரும் நடத்த மாட்டாங்க. பாட எண்ணும் அங்க பொதுவானது: மேத் 2413-ன்னா முதல் எண் 2 ரெண்டாம் வருஷ நிலை, அடுத்த 4 கிரெடிட் மணிநேரம். எந்தக் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சாலும் அதே கால்குலஸ் 1 தான்.

அதனால ஹூஸ்டன்தான் முடிவுன்னா, அங்க இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல முதல் நாள்லேர்ந்தே சேருங்க. கலிபோர்னியான்னா நாலு வருஷமும் கலிபோர்னியா. வீட்ல பேசி இப்பவே முடிவு பண்ணுங்க தம்பி, ஒரு வருஷம் கழிச்சுப் பண்ற முடிவுக்குச் செலவு அதிகம்.

சிதம்பரம் ரோடு:

கடலூர்ல படிச்ச ஒரு வருஷம் பத்தி யாரும் இன்னும் சொல்லலை.

மறைக்கவே கூடாது. யு.சி. விண்ணப்பத்துல பள்ளிக்கு அப்புறம் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியையும் எழுதணும். வெளிநாடு, பாதியில விட்டது, அரியர் இருக்கிறது எல்லாமே இதுல அடக்கம். கிரெடிட் வேண்டாம்னாலும் எழுதணும். பின்னாடி தெரிஞ்சா அட்மிஷன் ரத்து, பட்டம் வாங்கின அப்புறமும் பிரச்சினை வரலாம். ஒரு அரியரால இடம் போகாது. மறைச்சதுன்னு தெரிஞ்சாத்தான் போகும்.

கணக்குல எடுத்துப்பாங்களான்னா, கொஞ்சம். நம்ம சி.பி.சி.எஸ். (நம்ம ஊர்க் கல்லூரிகளோட கிரெடிட் முறை) கிரெடிட் எண்ணிக்கை அப்படியே போகாது. ஒரு முழு ஆண்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்குல அதிகபட்சம் சுமார் 30 செமஸ்டர் கிரெடிட்னு எடுப்பாங்க, அதுல தேறினது மட்டும். பார்ட் ஒன் தமிழ் எலெக்டிவ்ல போகலாம். பார்ட் டூ ஆங்கிலத்தை ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு ஈடா எடுத்துப்பாங்கன்னு நம்பி உட்காராதீங்க, அங்க ரெண்டு பாடமும் புதுசா படிக்கிறதா வச்சுக்கங்க. கால்-ஜெட்-சி பட்டியல்ல வெளிநாட்டுக் கல்லூரிப் பாடம் சேராது. அமெரிக்காவில் எடுக்கப் போற சி++ பாடத்தை இங்கயே படிச்சிருந்தாலும், மேஜருக்கு அங்க எடுக்கிறதுதான் பத்திரம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு யு.சி. கிரெடிட் கிடையாது. ஏ.பி., ஐ.பி., ஏ லெவல்ங்கிற வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளித் தேர்வுகளை எழுதினவங்களுக்குத்தான் அது.

இன்னொரு உச்சவரம்பும் உண்டு. எந்தக் கல்லூரியில படிச்சிருந்தாலும் கீழ்நிலைப் பாடத்துக்கு மொத்தம் 70 செமஸ்டர் யூனிட் வரைக்கும்தான் யு.சி. கணக்குல எடுக்கும். அதுக்கு மேல போனா பாடம் முடிச்சதா ஏத்துக்கும், யூனிட் கூடாது. அதனால கடலூர் யூனிட்டை எல்லாம் எப்படியாவது ஏத்தணும்னு பணம் செலவு பண்றதுல லாபம் கம்மி.

ஆனா ஆவணம் வேணும். கிளம்புறதுக்கு முன்னாடி அண்ணாமலை நகர் போய் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்துல டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பிங்க. சீல் வச்ச கவரா, ஒட்டின மடிப்பு மேல கையெழுத்தும் முத்திரையும் விழுற மாதிரி, மூணு நாலு பிரதியா ஒரே தடவையில கேளுங்க. யு.சி. தன் மதிப்பீட்டைத் தானே பண்ணிக்கும், வெளி ஏஜென்சி தேவையில்லை. கம்யூனிட்டி காலேஜும் தனியார் பல்கலைக்கழகங்களும் டபிள்யூ.இ.எஸ்., ஈ.சி.ஈ. மாதிரி நிறுவனத்தோட பாடவாரி மதிப்பீட்டைக் கேட்கலாம். கேட்ட பிறகு பண்ணினா போதும், முன்கூட்டியே காசு கட்ட வேண்டாம். கவரை நீங்க பிரிச்சுட்டா அது செல்லாது, உங்களுக்குப் பார்க்கணும்னா ஒரு பிரதி தனியா வாங்குங்க. செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் ஒரிஜினலை யாருக்கும் அனுப்பாதீங்க.

பாடத்திட்டப் புத்தகத்துல உங்க ரெண்டு செமஸ்டர் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கங்க: யூனிட் வாரியான தலைப்பு, மணிநேரம், பரிந்துரைத்த நூல் மூணும் தெரியணும். துறையில மேல்முறையீடு பண்ணினா அவங்க கேட்கிறது இதைத்தான். கம்யூனிட்டி காலேஜ்லயும் ஒவ்வொரு பாடத்தோட சிலபஸையும் இறக்கி வச்சுக்கங்க, வகுப்பு முடிஞ்சதும் போர்ட்டல்லேர்ந்து எடுத்துடுவாங்க.

முத்தியால்பேட்டை:

விசா பக்கம் நான் சொல்றேன்.

காலேஜ் மாறினா ஐ-20 மாறும். விசா காலாவதி ஆகாம இருந்தா பாஸ்போர்ட்ல பழைய காலேஜ் பேர் இருந்தாலும் பரவாயில்லை, புது ஐ-20-யோட அதே விசாவுல உள்ளே வரலாம். யு.சி. இடம் உறுதியானதும் உங்க கம்யூனிட்டி காலேஜ் டி.எஸ்.ஓ.-கிட்ட (வெளிநாட்டு மாணவர் விசா விஷயத்தைப் பார்க்கிற காலேஜ் அலுவலர்) அட்மிஷன் கடிதத்தைக் கொடுத்து செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பத்தின அமெரிக்க அரசுத் தகவல் தளம்) பதிவை மாத்தச் சொல்லணும். படிப்பு முடிஞ்ச 60 நாளுக்குள்ள இதைச் செய்யணும். ஒரு ரிலீஸ் தேதி குறிப்பாங்க. அந்தத் தேதி வரைக்கும் பழைய காலேஜ் கட்டுப்பாடு, அதுக்கப்புறம் புது வளாகம்தான் ஐ-20 தரும். ஸ்பிரிங் தேர்வு முடிஞ்ச பிறகு வர்ற மாதிரி தேதி கேளுங்க. கேம்பஸ்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தா ரிலீஸ் தேதியோட அந்த அனுமதி முடிஞ்சுடும். புது இடத்துல படிப்பு தொடங்கின 15 நாளுக்குள்ள பதிவு பண்ணிக்கணும்.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு அஞ்சு மாசக் கணக்கு. ரிலீஸ் தேதி, படிப்பு முடிஞ்ச தேதி ரெண்டுல எது முந்தியோ அதுலேர்ந்து அஞ்சு மாசத்துக்குள்ள புது இடத்துல வகுப்பு தொடங்கணும். மே கடைசியில முடிச்சு செப்டம்பர் கடைசியில தொடங்கினா சரியா வரும். வேகமா 60 யூனிட்டை டிசம்பர்லயே முடிச்சுட்டு அடுத்த செப்டம்பர் வரைக்கும் சும்மா இருக்கலாம்னு நினைச்சா இடைவெளி தாண்டிடும். கடைசிப் பாடம் ஒண்ணு ரெண்டை ஸ்பிரிங்குக்குன்னு திட்டமிட்டு வையுங்க. கடைசி செமஸ்டர்ல 12-க்குக் கம்மியா இருந்தா டி.எஸ்.ஓ. முன்கூட்டியே அனுமதி தரலாம், எழுத்துல வாங்கிக்கங்க.

12 யூனிட் கணக்குல ஆன்லைன் வகுப்பு ஒண்ணுதான் சேரும், அதிகபட்சம் 3 கிரெடிட். மூணு ஆன்லைன் பாடம் எடுத்து 12 காட்டினா முழுநேர மாணவரா கணக்கில்லை.

புது ஐ-20-க்குப் பண ஆதாரம் மறுபடி காட்டணும். இந்தத் தடவை யு.சி. ஒரு வருஷச் செலவு அளவுக்கு. கல்விக் கடன்ல போறீங்கன்னா, கடலூர் வங்கியில இப்ப கையெழுத்துப் போடும்போதே ரெண்டாவது கல்லூரிக்கும் அந்தக் கடன் செல்லுமான்னு கடன் அனுமதிக் கடிதத்துல எழுதி வாங்குங்க. கம்யூனிட்டி காலேஜ் பேர் மட்டும் போட்டு ரெண்டு வருஷத்துக்கு அனுமதிச்சா, 2028 மே மாசம் நீங்க அங்கயும் அப்பா இங்க வங்கி வாசல்லயும் நிக்க வேண்டி வரும்.

கெடிலக்கரை:

கடன் விஷயம் யோசிக்கவே இல்லை அண்ணா, நாளைக்கே வங்கிக்குப் போறோம். ஒரே ஒரு சந்தேகம்: அரியரை இப்ப எழுதிட்டுப் போகணுமா? அடுத்த தேர்வு நான் கிளம்பின அப்புறம்தான் வரும்.

சிதம்பரம் ரோடு:

அதுக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடாதீங்க. அந்தக் கணக்குப் பாடத்தை எப்படியும் அங்க கால்குலஸா படிக்கப் போறீங்க. டிரான்ஸ்கிரிப்ட்ல தேறாத பாடம் தேறாததாவே இருக்கட்டும், விண்ணப்பத்துலயும் அப்படியே எழுதுங்க.

கிளம்புறதுக்குள்ள டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வரலைன்னா அப்பா பேருக்கு ஒரு அதிகாரக் கடிதம் கையெழுத்துப் போட்டு வச்சுட்டுப் போங்க. உங்க பதிவு எண், படிச்ச செமஸ்டர், எத்தனை பிரதி வேணும்னு அதுல எழுதி, உங்க அடையாள அட்டை நகலும் அப்பா அடையாள அட்டை நகலும் இணைச்சுடுங்க. தேதியும் ஊர் பேரும் போட மறக்காதீங்க, அது இல்லாம கவுன்ட்டர்ல வாங்க மாட்டாங்க.